மாளிகை நாவல்களில் வரும் குடும்ப ரகசியம் எவ்வளவு நிஜம்?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு புத்தகப் பட்டியல்தான். இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளில் நடக்கும் சரித்திர நாவல்கள் ஏழெட்டு படித்துவிட்டீர்கள், அடுத்து எதைப் படிக்கலாம் என்கிறீர்கள். ஆனால் உங்கள் நிஜமான சந்தேகம் கேள்வியின் நடுவில் இருக்கிறது. கடைசியாகப் படித்த கதையில் பரணில் கிடந்த பெட்டியில் ஓர் உயில் அகப்படுகிறது, நாற்பது வருஷமாக மாளிகையில் இருந்த குடும்பம் வெளியேறுகிறது, சமையல்காரியின் மகன் எஜமானாகிறான். ‘இதெல்லாம் அங்கே நடந்ததா, இல்லை எழுத்தாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் பதில் சொல்கிறேன். புத்தகங்கள் போகிற வழியில் வரும். சில கதைகளின் முடிச்சை அவிழ்க்காமல் இதைச் சொல்ல முடியாது, முன்கூட்டியே மன்னிப்பு.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. தென் இங்கிலாந்தில் ஒரு கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கிறிஸ்தவக் கோயில்களின் பதிவேடுகள், நிலப் பத்திரங்கள், பழைய பண்ணைகளின் கணக்குப் புத்தகங்கள், இவைதான் என் உலகம். மாதத்துக்கு ஒருவராவது வந்து உட்கார்ந்து, “என் கொள்ளுப்பாட்டி இன்ன மாளிகையில் வேலைக்காரி. அந்த வீட்டுப் பிரபுதான் என் தாத்தாவுக்கு அப்பா. அந்தச் சொத்து எங்களுக்கு வந்திருக்க வேண்டியது” என்பார். முதல் பாதி பல சமயம் நம்பக்கூடியதாகவே இருக்கும். இரண்டாம் பாதி உண்மையாகி நான் பார்த்ததில்லை. இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் மாளிகை நாவல்கள் முளைக்கின்றன.

முதலில் நிலம். நம் ஊரில் பத்திரம் எழுதிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். செட்டில்மென்ட் பத்திரத்தில், உங்கள் ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ளலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியதை இல்லை, உங்களுக்குப் பின் ஆண் வாரிசுகளுக்கு, என்கிற மாதிரி வாசகம் வரும் அல்லவா? இங்கிலாந்தின் பெரிய பண்ணைகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு கட்டுக்குள்தான் இருந்தன. என்டெய்ல் என்கிற அந்தக் கட்டின் வேர் 1285-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு வக்கீல்கள் அதை இன்னும் இறுக்கிக் குடும்ப செட்டில்மென்ட்டாக ஆக்கினார்கள். ஆக, ஓவியத்தில் நாயோடும் துப்பாக்கியோடும் நிற்கிற பிரபு சட்டப்படி வெறும் ஆயுள்கால அனுபவஸ்தர். மூத்த மகனுக்கு 21 வயது நிறைந்ததும் அப்பாவும் மகனும் வக்கீலும் உட்கார்ந்து பழைய கட்டை அவிழ்த்து, அடுத்த தலைமுறைக்குப் புதிதாகக் கட்டுவார்கள். மகன் ஏன் சம்மதிக்கிறான்? கையில் காசில்லாத பையனுக்கு வருஷாவருஷம் ஒரு படி கிடைக்கும். கையெழுத்துப் போட்டுவிடுவான். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலில் ஐந்து பெண்களைப் பெற்ற பென்னட்டின் வீடு தூரத்து உறவான காலின்ஸுக்குப் போவது இந்தக் கட்டினால்தான். அவர் மனைவி எவ்வளவு புலம்பினாலும் பென்னட் ஓர் உயில் எழுதி அதை மாற்ற முடியாது.

இப்படிச் சொத்து தானாக இறங்கும்போது மூன்று கேள்விகளுக்கு மட்டும்தான் மதிப்பு. அந்தக் கல்யாணம் செல்லுமா? குழந்தை அதற்கு முன்னால் பிறந்ததா, பின்னால் பிறந்ததா? செத்துப்போனதாகச் சொல்லப்படுகிற ஆள் நிஜமாகவே செத்தாரா? நீங்கள் படித்த ஏழெட்டுக் கதைகளையும் நினைத்துப் பாருங்கள். திருட்டுக் கல்யாணம், இரண்டாவது மனைவி, மாற்றப்பட்ட குழந்தை, கடலில் மூழ்கியதாகச் சொல்லப்பட்ட அண்ணன், எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குள் வந்து விழும். எழுத்தாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது உண்மைதான். ஆனால் அந்த அச்சை வார்த்தது சட்டம்.

கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் ஒயிட்’ 1859-60-இல் தொடர்கதையாக வந்தது. அதில் சர் பெர்சிவல் கிளைடின் ரகசியம் ஒரு கோயில் பதிவேட்டின் பக்க அடியில் இருக்கிறது. அவருடைய பெற்றோருக்குக் கல்யாணமே ஆகவில்லை. மையைக் கலந்து கலந்து பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து, கையெழுத்தைப் பழகி, 1803-ஆம் வருஷப் பக்கத்தின் அடியில் இருந்த சின்ன இடத்தில் அவர்களுடைய கல்யாணத்தை நெருக்கி எழுதிவிடுகிறார். அந்தப் பதிவேட்டுக்கு வேறோர் ஊரில், ஒரு வக்கீல் வசம், ஒரு நகல் இருப்பது அவருக்குத் தெரியாது. நகலில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. முதல் முறை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வேலையில் சேர்ந்த பிறகு அதே காலத்துப் பதிவேடுகளை கையில் வாங்கியபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. 1754 மார்ச்சில் ஹார்ட்விக் பிரபுவின் கல்யாணச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி நம் ஊர்க் கிறிஸ்தவக் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதுபோல, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் வாங்க வேண்டும். 21 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் முக்கியம். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, சம இடைவெளியில் கோடு இழுத்திருக்க வேண்டும். எதற்கு? இடையில் ஒன்றைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். நான் கையாண்டவற்றில் நிறையப் புத்தகங்கள் அச்சடித்த படிவங்கள், பக்கத்துக்கு மூன்றோ நான்கோ கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மாப்பிள்ளை, பெண், போதகர், இரண்டு சாட்சிகள் என ஐந்து கையெழுத்து. எழுதத் தெரியாத பெண் போட்ட பெருக்கல் குறி, நடுங்கிய விரலால் போட்டதென்று இருநூறு வருஷம் கழித்தும் தெரியும். இதில் கிளைட் மாதிரி ஒருவர் பக்க அடியில் நுழைவது ரொம்பக் கடினம். மாட்டிக்கொண்டால் தூக்கு, ஏனென்றால் அந்தச் சட்டம் பதிவேட்டைத் திருத்துவதற்கு மரண தண்டனை வைத்திருந்தது. ஆக, நாவலின் பயம் நிஜம். தந்திரம் கொஞ்சம் சலுகையோடு எழுதப்பட்டது. 1754-க்கு முந்தைய பதிவேடுகளில் இதே வேலையைச் செய்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அந்தக் காலத்துத் தோல் ஏடுகளில் சில போதகர்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கிறுக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பிள்ளைகள். இங்கேதான் இன்றைய எழுத்தாளர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளையை, பெற்றோர் பிறகு கல்யாணம் செய்துகொண்டாலும், ஆங்கிலச் சட்டம் முறையான பிள்ளையாக ஏற்கவில்லை. திருச்சபைச் சட்டம் ஏற்றது. அதைப்போல நாட்டுச் சட்டத்தையும் மாற்றுங்கள் என்று ஆயர்கள் 1236-இல் கேட்டபோது, பிரபுக்கள் மாற்ற மாட்டோம் என்று மெர்ட்டன் என்ற ஊரில் கூடிய சபையில் கைவிரித்துவிட்டார்கள். அந்த மறுப்பு 1926-இல்தான் தளர்ந்தது. கிட்டத்தட்ட எழுநூறு வருஷம்!

இதற்கு சசெக்ஸில் இருக்கும் பெட்வொர்த் மாளிகையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மூன்றாவது எக்ரமான்ட் பிரபு, ஓவியர் டர்னரை மாதக்கணக்கில் வீட்டில் தங்கவைத்தவர், எலிசபெத் ஐலிவ் என்ற பெண்ணோடு வாழ்ந்து வரிசையாகப் பிள்ளைகள் பெற்றார். 1801-இல் அவளையே கல்யாணமும் செய்துகொண்டார். அதற்குப் பிறகு பிறந்த ஒரே மகள் குழந்தையிலேயே இறந்துபோனாள். 1837-இல் அவர் கண் மூடியதும் என்ன ஆயிற்று? பிரபுப் பட்டம் தம்பி மகனுக்குப் போனது. பெட்வொர்த்தும் அதன் நிலமும் அவர் கைக்குள் இருந்ததால், முறையற்ற மூத்த மகனுக்கே கொடுத்துவிட்டார். அந்த மகன் பிறகு 1859-இல் புதிதாக லெக்கன்ஃபீல்ட் பிரபு ஆனார். பட்டம் வேறு, நிலம் வேறு, நிலத்திலும் கட்டுண்ட நிலம் வேறு, கட்டில்லாத நிலம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதிய நாவலை மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இதே பிரபுவைப் பற்றி ஒரு கிசுகிசுவும் உண்டு. விக்டோரியா ராணியின் முதல் பிரதமர் மெல்பர்ன் இவருக்குப் பிறந்தவர்தான் என்று அந்தக் காலத்திலேயே பரவலாகப் பேசிக்கொண்டார்கள். இதற்கு நிரூபணம் கிடையாது, வம்பு என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்மை என்றே வைத்தாலும் வேடிக்கையைப் பாருங்கள். மெல்பர்னின் அம்மா இன்னொரு பிரபுவின் மனைவி. கல்யாணத்துக்குள் பிறந்த குழந்தை கணவனுடையது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பிள்ளைக்குப் பட்டம், பதவி எல்லாம் வந்தது. ஊரறியத் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு அப்பாவின் பட்டம் கிடையாது. எல்.பி. ஹார்ட்லியின் ‘தி கோ-பிட்வீன்’ இந்தச் சந்தில்தான் நிற்கிறது. 1900-ஆம் வருஷக் கோடையில் நார்ஃபோக் மாளிகையில் குத்தகை விவசாயிக்குக் கருவான குழந்தை, பிறக்கும் முன்பே கல்யாணம் நடந்துவிட்டதால், வைகவுன்ட் பட்டத்துக்கு வாரிசாகிறது. ஹார்ட்லி இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு அந்த நாவலிலேயே மிகவும் பிடித்த இடம் அது.

உண்மையில் நடந்ததிலேயே நாவலை மிஞ்சிய வழக்கு எது என்று யாராவது கேட்டால் கென்ட்டில் இருக்கும் நோல் மாளிகையைச் சொல்வேன். வருஷத்தின் நாட்களுக்கு ஏற்ப 365 அறைகள் என்று பெருமையாகச் சொல்வார்கள். எண்ணிச் சொன்னதாக நினைக்காதீர்கள், அது வீட்டுப் புராணம். இரண்டாவது சாக்வில் பிரபு லயனல், இளவயதில் தூதரக வேலையில் இருந்தபோது பெப்பிதா என்ற ஸ்பானிய நடனக்காரியோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்றார். அவளுக்கு ஏற்கெனவே ஸ்பெயினில் ஒரு கணவன் இருந்தான். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி விக்டோரியா. அவள் 1890-இல் தன் சித்தப்பா மகனையே, அதாவது பட்டத்துக்கு வாரிசாக இருந்தவரையே, கல்யாணம் செய்துகொண்டாள். 1908-இல் பிரபு இறந்தார். உடனே விக்டோரியாவின் தம்பி ஹென்றி, எங்கள் பெற்றோருக்கு முறையாகக் கல்யாணம் ஆயிற்று, நான்தான் வாரிசு என்று வழக்குப் போட்டான்.

இப்போது விக்டோரியாவின் நிலைமையை யோசியுங்கள். தம்பி ஜெயித்தால் அவள் முறையான மகள் ஆவாள், ஆனால் கணவனுக்கு நோல் இல்லை. தம்பி தோற்றால் மாளிகை மிஞ்சும், ஆனால் அவள் முறையற்ற பிள்ளை என்று லண்டன் நீதிமன்றத்தில் பதிவாகிவிடும். அவள் கணவன் பக்கம் நின்றாள். தன் தாய்க்கும் தகப்பனுக்கும் கல்யாணமே ஆகவில்லை என்று நிரூபிக்கும் கட்சியில் நின்று, 1910 பிப்ரவரியில் ஜெயித்தாள். ஹென்றி 1914-இல் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டான். கதை அதோடும் முடியவில்லை. விக்டோரியாவின் ஒரே பிள்ளை ஒரு பெண், எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட். 1928-இல் அப்பா இறந்ததும், பெண் என்பதால், நோல் அவளுடைய சித்தப்பாவுக்குப் போனது. அந்த வருஷமே வர்ஜீனியா வுல்ஃப் ‘ஆர்லாண்டோ’ எழுதி, நூற்றாண்டுகளாக ஒரே மாளிகையில் வாழும் ஒருவரை நடுவில் பெண்ணாக மாற்றிக் காட்டினார். வீட்டா பிறகு 1937-இல் பாட்டியைப் பற்றி ‘பெப்பிதா’ என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினாள். நாவல் இல்லை, ஆனால் உங்கள் பட்டியலில் முதலில் வையுங்கள்.

செத்தவர் திரும்பி வருகிற வகைக்கு டிச்போர்ன் வழக்கு ஒன்றே போதும். ஹாம்ப்ஷர் பண்ணை வாரிசு ரோஜர் 1854-இல் ரியோவிலிருந்து புறப்பட்ட கப்பலோடு காணாமல் போனார். தாய் நம்பவில்லை, பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தாள். ஆஸ்திரேலியாவில் வாகா வாகா என்ற ஊரிலிருந்த ஒரு கசாப்புக்காரர், நான்தான் ரோஜர் என்று வந்து நின்றார். ரோஜர் பாரிஸில் வளர்ந்தவர், வந்தவருக்கு பிரெஞ்சு வரவில்லை. ரோஜர் ஒல்லி, இவர் பெருத்த சரீரம். ரோஜரின் கையில் பச்சை குத்தியிருந்தது, இவர் கையில் இல்லை. இருந்தும் பெற்ற தாய் மகனென்று ஏற்றுக்கொண்டாள்! சிவில் வழக்கு, பிறகு 188 நாள் நடந்த குற்றவியல் வழக்கு, முடிவில் 1874-இல் பதினான்கு வருஷத் தண்டனை. 1898-இல் அவர் இறந்தபோது பிணப்பெட்டியில் டிச்போர்ன் பெயரையே போட்டார்கள். நாவலாகப் படிக்க வேண்டுமானால் சேடி ஸ்மித்தின் ‘தி ஃப்ராட்’ இருக்கிறது, 2023-இல் வந்தது. ஆனால் அது மாளிகைக்குள் அதிகம் உட்காராது.

பூட்டிய அறையில் பைத்தியக்கார மனைவி. இதை எல்லோரும் கேட்பார்கள். ‘ஜேன் ஐர்’ நாவலின் ரோச்செஸ்டர் ஏன் விவாகரத்து செய்யவில்லை என்று மாணவர்கள் கேட்டால் பதில் எளிது, முடியாது. 1857 வரை முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். அதற்குப் பிறகும் மனைவியின் சித்தப்பிரமை ஒரு காரணமாக ஏற்கப்பட்டது 1937-ஆம் வருஷச் சட்டத்தில்தான். யார்க்‌ஷரில் நார்ட்டன் கானியர்ஸ் என்ற மாளிகையில் மேல்மாடத்தில் ஒரு பெண்ணை அடைத்து வைத்திருந்ததாக ஒரு கதை வழங்கியது. ‘ஜேன் ஐர்’ எழுதிய சார்லட் ப்ராண்டி 1839-இல் அங்கே போயிருக்கிறார். 2004-இல் அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் அடைக்கப்பட்டுக் கிடந்த ஒரு மாடிப்படியைக் கண்டுபிடித்தார்கள். படிக்கட்டு நிஜம், போனது நிஜம். அடைக்கப்பட்ட பெண் செவிவழிச் செய்தி. மூன்றையும் ஒன்றாகக் கட்டி ‘ஜேன் ஐரின் அறை கிடைத்துவிட்டது’ என்று எழுதுபவர்களோடு எனக்கு ஒத்துவராது. அதைவிட என்னை உலுக்கியது ஒரு புத்தகத்தின் இரண்டு வரிகள். இரண்டாம் எலிசபெத் ராணியுடைய தாயாரின் அண்ணன் மகள்கள் இருவர், மனவளர்ச்சி குன்றியவர்கள், 1941 முதல் சர்ரேயில் ஒரு மருத்துவமனையில் இருந்தார்கள். பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியை அச்சிடும் ‘பர்க்ஸ் பியரேஜ்’ 1963 பதிப்பு இருவரையும் இறந்தவர்களாகக் காட்டியது. இருவரும் உயிரோடு இருந்தார்கள். 1987-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அடைத்து வைக்க மேல்மாடம் எதற்கு? ஓர் அச்சுப் புத்தகம் போதும்.

சரி, காப்பகத்தில் நான் பார்த்த ரகசியங்கள் எப்படி இருந்தன? நாட்குறிப்புகளில் அனேகமாக இல்லை. எழுதுபவர்களுக்கு யாராவது படிப்பார்கள் என்ற எச்சரிக்கை இருந்தது. கடிதங்களைக் குடும்பத்தார் எரித்தார்கள், சில கட்டுகளில் நடுவில் மூன்று வருஷம் மட்டும் சுத்தமாக இருக்காது. ஆகவே நான் சொல்வதெல்லாம் எரியாமல் தப்பித்ததை வைத்துத்தான். கணக்குப் புத்தகத்தை மட்டும் யாரும் எரிக்கவில்லை. ஒரு பண்ணையின் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூரத்துத் துறைமுக ஊரில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஐந்து பவுன் பணம் போய்க்கொண்டே இருந்தது. குதிரைத் தீவனத்துக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில், வெறும் பெயரும் தொகையும். பதினான்கு வருஷம் போனது. பிறகு ஒரு தடவை மட்டும் முப்பது பவுன், பக்கத்தில் ‘தொழில் பழக’ என்று இரண்டே சொல். அதோடு அந்தப் பெயர் மறைந்துவிட்டது. யாருடைய பிள்ளை, என்ன ஆனான், ஒன்றும் எழுதியில்லை. இரண்டே இரண்டு சொல்லில் ஒரு பையன் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான்.

ஏழைப் பெண்களின் விஷயம் இவ்வளவு நாசூக்காகவும் இல்லை. பிள்ளைக்குச் சோறு போடும் செலவு ஊர்ப் பொதுப்பணத்தில் விழுந்துவிடக் கூடாது என்று, 1834-க்கு முன்பு ஊர் அதிகாரிகள் தகப்பனைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பத்திரங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. போதகரும் ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘இன்னாளின் முறையற்ற மகன்’ என்று எழுதிவிடுவார். ஊர் முழுக்கத் தெரியும், வேலைக்காரர்களுக்கு முதலில் தெரியும். ஜோ பேக்கரின் ‘லாங்பர்ன்’ (2013) இதைப் பிடித்திருக்கிறது. ஆண் வாரிசு இல்லையே என்று மாடியில் புலம்பும் அதே பென்னட் வீட்டில், பென்னட்டின் முறையற்ற மகன் வேலைக்காரனாக மேஜையில் பரிமாறிக்கொண்டிருக்கிறான். சட்டம் தெரிந்து செய்த கற்பனை. உங்களுக்கு நான் ஒரே ஒரு நவீன நாவலைச் சிபாரிசு செய்யலாம் என்றால் இதுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இந்த நாவல்களில் குறைவாக வருவது. அந்த வீடுகளின் பெரிய ரகசியம் பெரும்பாலும் ரத்தத்தில் இல்லை, பணம் வந்த வழியில் இருந்தது. ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) வீட்டுக்காரருக்கு ஆன்டிகுவாவில் சொத்து. அந்த வீட்டில் வளரும் ஏழை உறவுப் பெண் ஃபேனி ஒரு நாள் அடிமை வியாபாரத்தைப் பற்றிக் கேட்கிறாள், வீட்டார் யாரும் வாய் திறக்கவில்லை. அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் வருஷச் சட்டம் 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது, உடைமைக்காரர்களுக்கு. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் 2020-இல் தன் வசமுள்ள இடங்களில் 93-க்கு அடிமை முறையோடோ காலனியத்தோடோ தொடர்பு இருப்பதாக அறிக்கை வெளியிட்டபோது எழுந்த கூச்சலைப் பார்த்தால், ஃபேனியின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று தோன்றும்.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சென்னை கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட், 48,000 வராகன் கொடுத்து ஒரு பெரிய வைரத்தை வாங்கினார். 1717-இல் பிரான்ஸின் ரீஜென்ட்டுக்கு, அதாவது சிறுவனான ராஜாவுக்குப் பதிலாக ஆண்டவருக்கு, 1,35,000 பவுனுக்கு விற்றார். கார்ன்வாலில் பொக்கானக் மாளிகையை வாங்கியது அந்தப் பணத்தில். வைரத்தை மகனின் செருப்புக் குதிகாலில் ஒளித்து அனுப்பினார் என்பதைக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெர்ட்ஃபோர்ட்‌ஷரில் வுட்ஹால் பார்க் என்று ஒரு மாளிகை. கட்டியவர் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் ரம்போல்ட். அவருக்குப் பின் வாங்கியவர் பால் பென்ஃபீல்ட், ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டு, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் விளைச்சலின் மேல் உரிமை கொண்டாடியவர். எட்மண்ட் பர்க் 1785-இல் நாடாளுமன்றத்தில் இவரைக் கிழித்தார். கடைசியில் திவாலாகி பாரிஸில் செத்தார். அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று எனக்கு எந்தப் பேயும் தெரியவில்லை, காவிரி நெல்தான் ஞாபகம் வந்தது. வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ (1868) 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்த நாளில் தொடங்கி, அங்கே கொள்ளைபோன வைரத்தோடு யார்க்‌ஷர் மாளிகைக்குள் வருகிறது. இந்த விஷயத்தில் அவர் காலத்தை முந்தியவர்.

புதிதாக ஒரு நாவலை எடுத்தால் முதலில் கதை நடக்கும் வருஷத்தைப் பாருங்கள். 1926 ஒரு கோடு. அந்த வருஷத் தொடக்கத்திலிருந்து, உயில் இல்லாமல் இறந்தால் நிலம் மூத்த மகனுக்கே என்ற விதி போயிற்று. பெற்றோர் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டால் பிள்ளை முறையானது என்று அதே வருஷச் சட்டம் சொன்னது, பிள்ளை பிறந்தபோது இருவரில் யாருக்கும் வேறு துணை இல்லாதிருந்தால். பிரபுப் பட்டங்களுக்கு அது பொருந்தாது. தத்து எடுப்பதற்கே இங்கிலாந்தில் அந்த வருஷம்தான் சட்டம் வந்தது. சுவீகாரம் நமக்குப் பழகிய விஷயம் என்பதால், 1860-இல் ஒரு பிரபு பிள்ளையைத் தத்தெடுத்து வாரிசாக்குவதைப் படித்தால் நாம் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுவோம். அது நடக்காத காரியம். கோட்டுக்கு இந்தப் பக்கம் வரும் நல்ல நாவல்கள் ரகசியத்தையே இடம் மாற்றிவிட்டன. ‘ரெபெக்கா’வில் (1938) அது கொலை. இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’யில் (1989) எஜமானரின் நாஜி சகவாசம்.

அப்புறம் உங்கள் சமையல்காரியின் மகன். கதை 1890-களில் நடப்பதாகச் சொன்னீர்கள். நிலம் குடும்பக் கட்டுக்குள் இருந்திருந்தால் அந்த உயில் வெறும் காகிதம். கட்டில்லாத நிலம் என்றால், 1837-ஆம் வருஷச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் இருந்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தச் சாட்சிகளில் ஒருத்தி சமையல்காரியே என்றாலும் மகனுக்குப் பாதகமில்லை, சாட்சிக்கும் சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கும் எழுதியதுதான் செல்லாது. பையன் முறையற்றவன் என்பதும் தடையில்லை, உயிலில் அவன் பெயர் இருந்தால் போதும். உதைக்கிற இடம் அந்த நாற்பது வருஷம். 1874-ஆம் வருஷச் சட்டப்படி பன்னிரண்டு வருஷத்துக்குள் நிலத்தைக் கேட்டு வழக்குப் போடாவிட்டால் பாத்தியதை போய்விடும். ஆனால் வீட்டில் இருந்தவர்களே உயிலைத் தெரிந்து ஒளித்திருந்தால், அந்த மோசடி தெரியவரும் நாளிலிருந்துதான் காலக்கெடு ஓடும். எனவே பெட்டியைப் பரணில் ஏற்றியது யார் என்று அந்த நாவலாசிரியர் எங்காவது சொல்லியிருக்கிறாரா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.